சிரட்டைக்கு வெளியே

பிரேமலதாவுக்குப் பிறவியிலேயே ஒரு குணம். கடையில் சீனி நிறுக்கும்போது அவள் தராசைப் பார்க்க மாட்டாள், நிறுப்பவனின் சுண்டுவிரலைப் பார்ப்பாள். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், அந்த சீட்டில் என்ன கோளாறு என்று தடவிப் பார்த்த பிறகுதான் உட்காருவாள். அவளைக் கட்டிக்கொண்ட நாகலிங்கம் றப்பர் ஸ்டோரில் வேலை செய்கிறவன். "எம் பொஞ்சாதி கோயில்ல திருநீறு குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் பூசுவா" என்று அங்கே சொல்லிச் சிரிப்பான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். ஆனால் ஒன்று, பத்துத் தடவை சந்தேகப்பட்டால் ஒரு தடவை அவள் சொன்னது சரியாகவே இருந்துவிடும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மிச்ச ஒன்பதையும் நியாயப்படுத்திவிடுவாள்.

அப்படிப்பட்டவளுடைய பால் குறைய ஆரம்பித்தது.

பால் என்றால் றப்பர் பால். எஹலியகொடைக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் அந்தத் தோட்டத்தில் அவளுக்கு ஒரு துண்டு மலை, பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சுதர்ஷினிக்கு அதை ஒட்டிய துண்டு. விடிந்ததும் கத்தியோடு போய் மரத்துக்கு மரம் பட்டையைச் சீவ வேண்டும். சீவிய கோட்டின் வழியே பால் இறங்கி, முனையில் குத்திய தகட்டில் வழிந்து, கம்பியில் மாட்டிய சிரட்டையில் சொட்டும். வெயில் ஏறிய பிறகு வாளியோடு போய் சிரட்டை சிரட்டையாகக் கவிழ்த்து எடுத்து வந்து, கணக்கப்பிள்ளையின் தராசில் கொடுக்க வேண்டும்.

முன்பெல்லாம் மழைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பால் கொடுத்து, சோறு தின்று, கை கழுவும் நேரத்துக்குத்தான் வரும். இப்போது அதற்குக் கேட்பார் மேய்ப்பார் இல்லை. விடியற்காலையில் வந்தால் அன்றைக்குச் சீவ முடியாது. சீவிய பிறகு வந்தால் பால் தண்ணீரோடு போய்விடும். பால் வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை, கிலோ குறைந்த நாளுக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம். அதனால் மரங்களுக்குப் பாவாடை கட்டினார்கள். சீவும் கோட்டுக்கு மேலே பொலித்தீனைச் சுற்றிக் கட்டி, இடுக்கில் தார் பூசிவிட்டால், தண்டில் இறங்கும் தண்ணீர் கோட்டில் படாமல் விலகி ஓடும். தோட்டம் கொடுத்த பொலித்தீன் பாதி மரத்துக்குத்தான் கண்டது. மீதி மரங்களுக்குப் பெண்களே உரப் பையின் உள்ளுறையைக் கழுவிக் காயவைத்து வெட்டிக் கட்டினார்கள். தன் பிள்ளைக்குச் சட்டை தைத்ததைவிட மரத்துக்குப் பாவாடை தைத்ததுதான் அதிகம் என்று சுதர்ஷினி சொல்லுவாள். அவளும் பிரேமலதாவும் அந்த வேலையைச் சேர்ந்தேதான் செய்தார்கள். ஒருத்தி பொலித்தீனை இழுத்துப் பிடிக்க, இன்னொருத்தி கம்பியை முறுக்குவாள். சுதர்ஷினி சின்னவள், வாய்க்கு வாய் அக்கா என்பாள்.

மழை கெடுத்தது பாலை மட்டும் அல்ல. போன கார்த்திகையில் அடித்த புயலில் அடுத்த டிவிசனில் மலை இறங்கி, காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய ஒரு லயத்தின் பாதியைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அரசாங்க மஹத்தயாமார் ஜீப்பில் வந்து, பிரேமலதாவின் துண்டில் உச்சி மர வரிசையான மேல் நிரைக்கும் மேலே நிலத்தில் ஓடிய வெடிப்பைப் பார்த்தார்கள். பெரிய மழை என்றால் லயத்தை விட்டு இறங்கிவிடுங்கள் என்றார்கள். எங்கே இறங்குவது என்று சொல்லவில்லை. வேறு இடத்தில் வீடு வரும் என்றார்கள், அது வரும் வழியில் எந்தச் சேற்றில் மாட்டியதோ, இன்னும் வரவில்லை. நம்மைக் கிளப்பிவிட்டுக் காணியை வேறு யாருக்கோ கொடுக்கத்தான் இந்த நாடகம் என்று முதலில் சொன்னது பிரேமலதாதான். அதை மறுத்துப் பேச யாருக்கும் தைரியம் வரவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் அந்த எண்ணம் கொஞ்சம் இருந்தது.

ஆனாலும் எட்டுக் காம்பரா சனமும் அந்த வெடிப்பின் கீழேதான் படுத்து எழும்புகிறது. கோயில் பூசையைப் பார்க்கும் மூக்கையா ஒரு வழி சொன்னார். வெடிப்புக்குக் கொஞ்சம் கீழே முளை அடித்து, அதில் நைலோன் கயிற்றைக் கட்டி, மலையோடு இறக்கிக் கொண்டுவந்து, லயத்தின் கடைசிக் காம்பராவின் கூரை வளை மரத்தில் போட்டு, நுனியில் பழைய பால் வாளிகளையும் மீன் டின்களையும் கொத்தாகத் தொங்கவிட்டார்கள். மண் அசைந்து முளை கீழே நகர்ந்தால் கயிறு தளரும். தளர்ந்தால் தகரங்கள் கீழே போட்டிருக்கும் கருங்கல்லில் விழும். அந்தச் சத்தத்துக்குச் செத்தவனும் எழுந்து ஓடுவான். எல்லோரும் ஓடிப்போய்க் கோயில் மண்டபத்தில் நிற்பதென்று பேச்சு. கடைசிக் காம்பரா சுதர்ஷினியுடையது. தன் நான்கு வயது மகள் ஷாமிளாவின் தலைக்கு மேல் அந்தக் கொத்து தொங்குவதை அவள்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். மலைக்கு ஆகக் கிட்டத்தில் இருப்பவள் அவள்தானே.

இனி பாலுக்கு வருவோம்.

வைகாசியில் பிரேமலதாவின் மேல் நிரைச் சிரட்டைகள் அரைகுறையாகக் கிடந்தன. முதல் நாள் மழை என்று நினைத்தாள். அடுத்த வெட்டில் வெயில் பளிச்சென்று அடித்தது, அப்போதும் அரைச் சிரட்டை. மரத்தின் அடியில், சருகின் மேல், வெள்ளையாகப் பால் சிந்திக் காய்ந்திருந்தது. இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். யாரோ சிரட்டையைக் கவிழ்த்து எடுத்திருக்கிறார்கள், எடுக்கிற அவசரத்தில் சிந்தியிருக்கிறார்கள். இதற்கு மேல் அவளுக்கு விசாரணை தேவைப்படவில்லை. குனிந்து சருகை விலக்கி விலக்கிக் காலடி தேடினாள். மழை ஈரத்தில் அவளுடைய காலடிதான் இருந்தது. திருடி கெட்டிக்காரி என்று முடிவு கட்டினாள்.

ஆமாம், திருடன் அல்ல, திருடி. மேல் நிரைக்கு ஆள் கண்ணில் படாமல் வரக்கூடிய ஒரே வழி சுதர்ஷினியின் மலை வழியாகத்தான். அந்த எண்ணம் வந்த அன்றைக்குப் பிரேமலதாவுக்கே நெஞ்சு வலித்தது. சீ, அவள் அப்படிச் செய்வாளா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். ஆனால் சந்தேகம் என்பது வீட்டுக்குள் வந்த எலி, ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் வரும்.

கணக்கப்பிள்ளை அவள் வாளியை நிறுத்துவிட்டு, இப்படியே போனால் மேல் நிரையைச் சீவ வேறு ஆளைப் போட வேண்டிவரும் என்று சொன்ன அன்று, அவள் கடை வீதிக்கு இறங்கினாள். அங்கே றஊப் முதலாளியின் கடைக்குப் பின்னால் சுதர்ஷினி நின்றாள். றஊப், மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பாலை வாங்கி விற்கிறவர், சுற்று வட்டாரத்தில் றப்பர் என்று எது கிடைத்தாலும் அவரிடம்தான் போகும். அவர் தன் பழைய குடோனைக் கைகாட்டி ஏதோ சொன்னார், சுதர்ஷினி தலையாட்டினாள். பிரேமலதாவைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். என்ன விஷயம் என்று வழியில் கேட்டதற்கு, சும்மாதான் அக்கா, பாண் வாங்க வந்தேன் என்றாள் சுதர்ஷினி. அவள் கையில் பாண் இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன கதைதான்.

இதற்குப் பிறகு என்ன சொன்னாலும் பிரேமலதாவின் காதில் ஏறாது. நாகலிங்கம் சொல்லிப் பார்த்தான். மரம் வயசாளி, பால் குறைஞ்சிருக்கும் என்றான். வயதான மரம் மேல் நிரையில் மட்டும் எப்படி இருக்கும், எல்லாம் ஒரே நாளில் நட்டதுதானே என்று மடக்கினாள். அந்தக் கேள்வி சரியான கேள்விதான். அதைச் சரியான இடத்தில் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சனம் கலைவதற்கு முன்பு, மாரியம்மன் சன்னதியில் வைத்தே கேட்டாள். கையில் ஒரு கட்டிச் சூடம் வைத்திருந்தாள். தோட்டத்தில் களவு என்று வந்தால் பொலிசுக்கு முன்னால் சூடம்தான். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது. பொய் சொன்னால் அம்மன் பார்த்துக்கொள்வாள்.

"மேல் நெரப் பால நீ எடுக்கலேன்னா, சூடத்த அணைச்சிச் சொல்லு" என்றாள் பிரேமலதா.

சனம் அப்படியே நின்றது. மூக்கையா தட்டைக் கீழே வைத்துவிட்டார். சுதர்ஷினி முதலில் சிரிக்கப் பார்த்தாள், எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"சத்தியம் பண்ண எனக்கொண்ணும் பயமில்லக்கா. ஆனா பண்ண மாட்டேன்" என்றாள். "ஒங்க வீட்டு ஒலையில எங்க வீட்டு அரிசி எத்தன தடவ விழுந்திருக்கு, எங்க வீட்டு ஒலையில ஒங்க அரிசி எத்தன தடவ விழுந்திருக்கு. அப்பல்லாம் கேக்காத சத்தியத்த இன்னைக்குக் கேட்டுட்டீங்க. அதோட முடிஞ்சிருச்சு."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதோடு அக்கா என்ற சொல் அவள் வாயிலிருந்து நின்றது. அடுத்த நாளிலிருந்து 'இங்க பாருங்க', 'ஒங்களத்தான்' என்றுதான் கூப்பிட்டாள், அதுவும் கட்டாயம் வந்தால். மடியில் கனம் இல்லாதவள் சூடத்துக்கு ஏன் பயப்படுகிறாள் என்று லயத்தில் நாலு பேர் பேசிக்கொண்டார்கள். பிரேமலதா எரியாத சூடத்தைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். ஜெயித்ததாகத்தான் நினைத்தாள், ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு பின்னேரம், சின்னத் தூறல்தான், தகரங்கள் கடகடவென்று விழுந்தன. பிள்ளை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கோயிலுக்கு ஓடினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மூக்கையா மேலே போய்ப் பார்த்துவிட்டு, மழை ஈரத்தில் கயிறு தளர்ந்திருக்கிறது என்று சொல்லி, இழுத்து இறுக்கிக் கட்டிக் கொத்தை மறுபடி தொங்கவிட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி விழுந்தது. மறுபடி ஓட்டம், மறுபடி ஒன்றுமில்லை, மறுபடி இறுக்கிக் கட்டினார். கயிறு தளர்ந்தால் இறுக்குவது என்ற ஒன்றைத் தவிர, அது ஏன் தளர்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. சுப்பம்மா என்று நடு லயத்தில் ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளம். மலை விழுவதற்கு முன்னால் இந்தத் தகரத்துக்கு ஓடியே நான் செத்துப்போவேன் என்றாள். தகரம் பொய் சொல்கிறது என்று பிரேமலதாவும் லயம் முழுக்கச் சொன்னாள்.

இரண்டாம் தடவை கோயிலில் நின்றபோது பிரேமலதா மலையைப் பார்க்கவில்லை, சனத்தைப் பார்த்தாள். சுதர்ஷினி மட்டும் எல்லோருக்கும் முந்தி, தனியாக லயத்துக்குத் திரும்பிப் போனாள். பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்தை விட்டுவிட்டு வந்தேன் என்றாள். பிரேமலதா மனதுக்குள் கணக்கைக் கூட்டினாள். தகரம் யார் காம்பராவில் தொங்குகிறது? அவளுடையதில். கயிற்றை யார் நினைத்தால் தளர்த்தலாம்? அவள். சனமெல்லாம் கோயிலில் நிற்கும்போது லயம் யார் கையில்? நாளைக்கு ஒருவருடைய கோழி காணாமல் போகும், அடுத்த நாள் தோடு. கூட்டிப் பார்த்ததில் ஒரு இடத்திலும் மிச்சம் வரவில்லை. தப்புக் கணக்குக்கு அதுதான் அடையாளம் என்று அவளுக்கு யார் சொல்வது?

மறுநாள் சுதர்ஷினி தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பிரேமலதா ஒரு முக்காலியைப் போட்டு ஏறினாள். வளையில் ஓடும் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டாள். பால் வாளியைக் கட்டிப் பழகிய கை, முடிச்சு லேசில் அவிழாது. இனி யார் மேலே கயிற்றைத் தளர்த்தினாலும் கொத்து விழாது. தளர்த்தியவள் ஏன் விழவில்லை என்று முழிப்பாள், மறுபடி வந்து நோண்டுவாள், அப்போது கையும் களவுமாகப் பிடிக்கலாம். எட்டுக் குடும்பத்தின் உயிருக்குக் கட்டிய கயிற்றை ஒரு திருடியைப் பிடிக்கும் கண்ணியாக்கிவிட்டு இறங்கினாள். அவளுக்கு அது தவறாகவே படவில்லை. 

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் லயமே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. மூக்கையா குடையோடு வந்து கொத்து தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். தொங்கியது. சுப்பம்மா கூட, பாத்தீங்களா, பெரிய மழைக்கு விழல, தூறலுக்கு விழுந்திச்சு என்றாள். பிரேமலதா அதைக் கேட்டுத் தலையாட்டினாள். கண்ணி வேலை செய்கிறது.

மூன்றாம் நாள் காலையில் வானம் வெளுத்தது. பாவாடை கட்டிய மரங்களை மட்டும் சீவச் சொன்னார்கள். சுதர்ஷினி ஷாமிளாவின் காய்ச்சலால் வேலைக்கு வரவில்லை. பிரேமலதா மேல் நிரை முழுவதும் சீவி முடித்தாள். மற்றவர்கள் போலக் கீழே இறங்கவில்லை. ஒரு பாறைக்குப் பின்னால் சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வரட்டும் பார்ப்போம். எதிரே ஒரு மரம், பால் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

யாரும் வரவில்லை. ஆனால் பால் சிந்தியது.

அவள் முதலில் நம்பவில்லை. எழுந்து கிட்டே போய்க் குனிந்தாள். கோட்டில் இறங்கி வந்த பால் பாதி வழியிலேயே கோட்டை விட்டுத் தாண்டிப் பட்டையில் வழிந்தது. தகட்டுக்கு வந்து சேர்ந்ததும் சிரட்டையின் உதட்டுக்கு வெளியே, ஒவ்வொரு சொட்டாக, சருகில் விழுந்தது. ஒரு மனுஷக் கை அந்தப் பக்கம் வரவில்லை. கம்பியை வளைத்துச் சிரட்டையை நேராக்கப் போனாள். சிரட்டை மரத்தோடு ஒட்டி, இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. தகடும் அடித்த இடத்தில்தான் இருந்தது. அப்படியானால் சொட்டு மட்டும் ஏன் விலகி விழுகிறது?

நிமிர்ந்தாள். மரம் சாய்ந்திருந்தது.

கொஞ்சமாகத்தான். லயத்தைப் பார்த்து, தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் தலை மாதிரி. பக்கத்து மரத்தைப் பார்த்தாள், அதுவும். அதற்கடுத்ததும். மேல் நிரை முழுவதும், தன் கையால் பாவாடை கட்டிய மரங்கள் அத்தனையும், ஒரே பக்கமாகக் குனிந்து அவளுடைய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாரக்கணக்காக அவள் தரையில் காலடியைத்தான் தேடினாள். ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கி மரத்தைப் பார்க்கவில்லை.

 வெடிப்பு இருந்த பக்கம் ஏறினாள். வெடிப்பு இப்போது வெடிப்பாக இல்லை, படியாக இருந்தது. கீழ்ப் பக்கத்து நிலம் இடுப்பளவு இறங்கியிருந்தது. மூக்கையா அடித்த முளை மண்ணோடு கீழே போய்ச் சரிந்து கிடந்தது. அதிலிருந்து புறப்பட்ட கயிறு விறைப்பாக இல்லை, புல்லுக்கு மேல் தொய்ந்து வளைந்து வளைந்து கிடந்தது.

கயிறு எப்போதோ தளர்ந்துவிட்டது. நேற்றோ முந்தாநாளோ, கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தபோது, மலை தன் வாயால் சொல்லிவிட்டது. கேட்க விடாமல் வாயைக் கட்டியது அவளுடைய முடிச்சு.

வாளியையும் கத்தியையும் போட்டுவிட்டு ஓடினாள். கயிறு போன வழியே ஓடினாள். வழுக்கி விழுந்தாள், எழுந்தாள். சுதர்ஷினியின் மலைக்கு மேலே மறுபடி கருமுகில் ஏறிக்கொண்டிருந்தது. ஐயோ ஷாமிளா, ஐயோ ஷாமிளா என்று மட்டும்தான் அவளுக்கு வாயில் வந்தது.

லயத்தில் வாசலுக்கு வாசல் கத்தினாள். சுப்பம்மா தலையை நீட்டி, இன்றைக்கு யார் என்ன எடுத்தார்கள் என்று கேட்டாள். மூக்கையா வெளியே வந்து தொங்கும் கொத்தைக் காட்டினார். தகரம் விழவில்லையே, எதற்கு இந்தக் கூத்து என்றார். பிரேமலதா அவரைத் தாண்டிப் போனாள். சுதர்ஷினியின் வாசலில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. விரலால் முடியாமல் பல்லால் கடித்து இழுத்தாள். அவிழ்ந்ததும் வாளியும் டின்னுமாக அத்தனையும் கருங்கல்லில் போய் விழுந்தது. முன் இரண்டு தடவையையும் விடப் பெரிய சத்தம். உள்ளே ஷாமிளா வீறிட்டாள்.

"நான்தான் கட்டி வச்சேன்" என்றாள் பிரேமலதா, முக்காலியின் மேல் நின்றபடி. "பால யாரும் எடுக்கல. மரம் சாயுது. மல எறங்கிக்கிட்டிருக்கு."

ஒருவரும் அசையவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தகரம் பொய் சொல்கிறது என்று இத்தனை நாள் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவளே இவள்தான். இப்போது அதே வாய் ஓடு என்கிறது. இதில் என்ன சூது என்று சுப்பம்மாவின் முகத்தில் எழுதியிருந்தது.

சுதர்ஷினி வாசலில் நின்றாள். முதலில் முடிச்சின் சுருக்கம் இன்னும் போகாத கயிற்றைப் பார்த்தாள். பிறகு அது மலைப் பக்கம் எவ்வளவு தொய்ந்து கிடக்கிறது என்று பார்த்தாள். கடைசியில் பிரேமலதாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஓர் அறை தேவலை. உள்ளே போய்ப் பிள்ளையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கோயிலுக்கு வேணாம், அதுவும் இதே மலைக்குக் கீழதான் இருக்கு" என்றாள். "றஊப் மொதலாளியோட பழைய குடோனுக்கு நடங்க. நான் பேசி வச்சிருக்கேன். தோட்டத்துக்குத் தெரிஞ்சா, லயத்த விட்டுட்டுப் போறோம்னு காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கன்னுதான் யாருக்கும் சொல்லல."

அவள் நடந்தாள். திருடி என்று பேர் வாங்கியவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்ததும், சனம் பின்னால் நடந்தது. மூக்கையா அம்மன் சிலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தார். சுப்பம்மா கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிரேமலதா கடைசியாக, ஒவ்வொரு காம்பராவிலும் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகு வந்தாள். மழை ஆரம்பித்திருந்தது.

ரோட்டு வளைவுக்கு வந்தபோது பின்னால் லொறியில் கல் கொட்டுவது போல ஒரு சத்தம். ஆனால் கொட்டி முடியவில்லை, கொட்டிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தவர்களுக்கு முதலில் புரியவில்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த மரங்கள் நின்றபடியே இறங்கி வந்தன, பாவாடையோடு. கடைசிக் காம்பரா இருந்த இடத்தில் சிவப்பு மண் நின்றது. அதற்கடுத்தது பிரேமலதாவின் காம்பரா, அதில் முன் சுவர் மட்டும் தெரிந்தது. சுப்பம்மா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆட்களை எண்ணினார்கள், மறுபடி எண்ணினார்கள். எல்லோரும் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அழுதார்கள்.

றஊபின் குடோன் பழைய ஒட்டுப்பால் நாற்றத்தில் மூச்சு முட்டியது. ஆனால் கூரை ஒழுகவில்லை, பின்னால் மலை இல்லை. அவர் வீட்டிலிருந்து பாணும் பருப்பும் தேத்தண்ணியும் வந்தது. கரண்ட் இல்லை, டோர்ச் ஒன்றைக் கொடுத்துவிட்டு, "நெருப்பு மட்டும் வாணாம், றப்பர் புடிச்சா நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டோரிலிருந்து நேராக ஓடிவந்த நாகலிங்கம், பெண்டாட்டியை உயிரோடு பார்த்ததும் அவள் காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தான் கட்டியிருந்த சாரத்தால் துடைத்தான். நடந்ததை அவளே சொன்னாள். முடிச்சு வரைக்கும் சொன்னாள். அவன் துடைப்பதை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி துடைத்தான்.

சுதர்ஷினி மறு சுவரோரம் சாக்கை விரித்து, ஷாமிளாவை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையின் காய்ச்சல் இறங்கவில்லை. பிரேமலதா எழுந்து போய் அவள் எதிரே உட்கார்ந்தாள்.  சுருக்குப்பையில் கை விட்டதில் அந்தச் சூடக் கட்டி அகப்பட்டது. இத்தனை நாளில் பாதியாகக் கரைந்திருந்தது.

"சத்தியத்த நான் பண்றேன்" என்றாள். "இனி உசிரு உள்ள வரைக்கும் ஒன்னய..."

"நெருப்பு வாணாம்னு மொதலாளி சொன்னது காதுல விழலையா?" என்றாள் சுதர்ஷினி. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிரேமலதா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவும் முடியவில்லை. இதை விட அவள் ஏசியிருக்கலாம், நாலு பேருக்கு முன்னால் காறித் துப்பியிருக்கலாம். சூடத்தைத் திரும்பப் பையில் போட்டாள். கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக உறங்கின.

அப்போது குடோனின் பின் மூலையில் ஒரு வாளி உருண்டு விழுந்தது.

கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். என்ன சத்தம் என்று ஒருவர் கேட்கவில்லை. யார் தள்ளியது என்று ஒருவர் கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கி ஓடினார்கள். பிரேமலதாவுக்கு மட்டும் சேற்றில் விழுந்து வீங்கிய முழங்கால் மடங்க மறுத்தது. தரையில் கையை ஊன்றித் தடுமாறினாள். எல்லோரும் போய்விட்டார்கள், இருட்டில் தனியாகக் கிடக்கிறோம் என்று நினைத்த நேரத்தில் ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்து, பிய்ந்துவிடும் போல இழுத்தது.

"எந்திரிக்கா, ஓடு!"

ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்ற பிறகு மூக்கையா டோர்ச்சை அடித்துப் பார்த்தார். குடோன் வாசலில் ஒரு பூனை மழையைப் பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் சிரிக்கவில்லை, சுப்பம்மா கூட.

சுதர்ஷினியின் ஒரு தோளில் ஷாமிளா கிடந்தாள். இன்னொரு கையில் யாருடைய கை இருக்கிறது என்று அப்போதுதான் குனிந்து பார்த்தாள். பார்த்த உடனே விட்டுவிடுவாள் என்று பிரேமலதா காத்திருந்தாள். மழை நின்று, மூக்கையா உள்ளே போகலாம் என்று சொல்லும் வரைக்கும் அந்தக் கை அப்படியே இருந்தது.